லியோன் நகரில் அமெரிக்கர்கள்: இரண்டு அரசுகளுக்குக் கணக்குச் சொல்லும் வாழ்க்கை

பிரான்சில் குடியேறிய அமெரிக்கர் என்றதும் பாரிஸ் நகரத்துக் காபிக்கடை வாசலில் நாவல் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் அங்கு வாழ்ந்த ஹெமிங்வேயும், 1948இல் வந்து சேர்ந்த ஜேம்ஸ் பால்ட்வினும் விட்டுச்சென்ற அந்தப் படம் அழகானதுதான் என்றாலும், சம்பள வேலை, வாடகை வீடு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று வாழும் இன்றைய அமெரிக்கரைப் பற்றி அது அதிகம் சொல்வதில்லை. அத்தகையோரின் அன்றாடத்தை அறிய, ரோன், சோன் என்னும் இரு நதிகள் கூடும் லியோன் நகரம் பொருத்தமான இடம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும், 1989 முதல் இன்டர்போலின் தலைமையகமும் அங்கு இயங்குவதால் அயல்நாட்டினர் அந்நகருக்குப் புதியவர்கள் அல்லர். ரோன் நதிமீதுள்ள ஒரு பாலம் அமெரிக்க அதிபர் வில்சனின் பெயரைத் தாங்குகிறது. கட்டடக் கலைஞர் தோனி கார்னியே வடிவமைத்த தொழிலாளர் குடியிருப்புக்கு அமெரிக்க நாட்டின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்நாட்டுக்காரர் ஒருவர் வீடு தேடி அலையும்போது இந்த நட்பு துணைக்கு வருவதில்லை.

வாடகைக்கு வீடு கேட்பவர் முதலில் 'தொசியே' எனப்படும் கோப்பு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அடையாளச் சான்று, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், வரித்துறையின் அறிவிப்பு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும் என்பதோடு, வருமானம் வாடகையைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும், பிரான்சிலேயே வருமானமுள்ள பிணையாளர் ஒருவரும் வேண்டும் என்பது வீட்டுக்காரர்களின் பொதுவான எதிர்பார்ப்பு. இந்தக் கறாருக்குக் காரணம் உண்டு: வாடகை தராதவரைக்கூட நீதிமன்றத் தீர்ப்பின்றி வெளியேற்ற முடியாது, தீர்ப்பு கிடைத்தாலும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரையிலான குளிர்காலத்தில் பொதுவாக யாரையும் வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. குடியிருப்பவரை இவ்வளவு காக்கும் சட்டம், இன்னும் குடிவராதவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அமெரிக்காவில் ஒருவர் கடன்களைத் தவறாமல் அடைத்துவந்தாரா என்பதை மூன்றிலக்க மதிப்பெண் ஒன்று சொல்லிவிடும். பல ஆண்டுகள் பேணி வளர்த்த அந்த மதிப்பெண் லியோனில் செல்லாது, ஏனெனில் பிரான்சில் அப்படியொரு ஏற்பாடே இல்லை.

வீடு கிடைத்தபின் மின்கட்டண ரசீது பெருமதிப்பு பெறுகிறது. பிரெஞ்சு அலுவலகங்கள் முகவரிச் சான்றாக முதலில் கேட்பது அதைத்தான். அதுவும் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, மாவட்ட அளவில் மத்திய அரசின் பிரதிநிதியாக விளங்கும் 'ப்ரெஃபெக்த்தூர்' அலுவலகத்தில் வசிப்பிட அனுமதியைப் புதுப்பித்தல் என எல்லாவற்றுக்கும் அது வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு மின் இணைப்பு ஒப்பந்தம் எளிதில் அமைவதில்லை, முகவரிச் சான்று இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு எளிதில் அமைவதில்லை என்பதால், புதிதாக வந்தவர் சில வாரங்கள் இரண்டுக்கும் நடுவே அலைகிறார். ரசீதில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்பது முன்னரே குடியேறியவர்கள் சொல்லும் முதல் அறிவுரை.

தெருவில் இறங்கினால் வாழ்க்கை இலகுவாகிறது. ஒருகாலத்தில் பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த குரோவா ரூஸ் குன்றில், உயரமான தறிகளை நிறுத்துவதற்காக ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்தில் கூரை அமைத்த பழைய கட்டடங்கள் இன்று விரும்பப்படும் குடியிருப்புகளாகியுள்ளன. அவற்றில் பலவற்றில் மின்தூக்கி இல்லை. தரைத்தளத்தையே முதல் மாடியாக எண்ணிப் பழகிய அமெரிக்கர், மூன்றாம் மாடி என்று கேட்டு ஒப்புக்கொண்ட வீட்டுக்குக் கூடுதலாக ஒரு மாடி ஏறுகிறார் (தமிழ்நாட்டினருக்கு இந்தக் குழப்பம் வராது). அக்குன்றின் பெருந்தெருவில் திங்கள் தவிர மற்ற நாள்களில் காலைச் சந்தை கூடுகிறது. அங்கே முதலில் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லிய பிறகே விலை கேட்க வேண்டும். சொல்லாமல் நேரடியாக விலை கேட்பவர் அமெரிக்க வழக்கப்படி மரியாதையானவராக இருந்தாலும் அங்கே முரடராகவே கருதப்படுவார். பழங்களைத் தாமே அழுத்திப் பார்த்து எடுப்பதும் முறையன்று. முலாம்பழம் கேட்டால், இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா என்று விசாரித்து அதற்கேற்ற பதத்தில் கடைக்காரரே பொறுக்கித் தருவார். ஞாயிறு பிற்பகலில் பெரும்பாலான கடைகள் மூடிக்கிடப்பது, நள்ளிரவிலும் கடைக்குப் போய்ப் பழகியவர்களை முதலில் எரிச்சலூட்டினாலும், அந்த ஓய்வுக்கு அவர்களும் பழகிவிடுகிறார்கள்.

கோப்பு கேட்டுக் களைப்பூட்டிய அதே அரசு, நோயுற்ற நாளில் வேறு முகம் காட்டுகிறது. சம்பள வேலையில் இருப்பவர் நாட்டின் மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கப்பட்டு, 'கார்த் வித்தால்' எனும் பச்சை நிற அட்டையைப் பெறுகிறார். 2024 டிசம்பரில் பொது மருத்துவரின் கட்டணம் 30 யூரோவாக நிர்ணயிக்கப்பட்டது. தமக்கென ஒரு மருத்துவரைப் பதிவு செய்துகொண்டவருக்கு அதில் 70 விழுக்காடான 21 யூரோவில் 2 யூரோ கழித்து, 19 யூரோ கணக்குக்குத் திரும்பி வருகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை 'மியூத்துவெல்' எனப்படும் துணைக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. மருத்துவமனைச் செலவால் கடனாளியாகும் அச்சம் நிலவும் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை. ஓட்டுநர் உரிமத்தில் அந்தத் தாராளம் இல்லை: பிரான்சுடன் உடன்பாடு உள்ள பென்சில்வேனியா, டெக்சஸ் போன்ற மாநிலங்களின் உரிமத்தை ஓராண்டுக்குள் மாற்றிக்கொள்ளலாம், கலிபோர்னியா, நியூயார்க் உரிமம் உள்ளவர் எத்தனை ஆண்டுகள் ஓட்டியிருந்தாலும் மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

இவ்வளவையும் கடந்த பிறகும் பிறந்த நாடு அவர்களை விடுவதில்லை. குடிமக்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அவர்களிடம் வருமான வரிக்கணக்கு கேட்கும் மிகச் சில நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் இடையே 1994இல் கையெழுத்தான வரி உடன்படிக்கையால் ஒரே வருமானத்துக்கு இருமுறை வரி கட்டுவது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. ஆனாலும் படிவங்களை ஆண்டுதோறும் அனுப்பியாக வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒருமுறை 10,000 டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை தேவை. தம்மிடமுள்ள அமெரிக்கர்களின் விவரங்களை அயல்நாட்டு வங்கிகள் தெரிவிக்க வேண்டும் என்று 2010இல் வந்த சட்டத்தின் விளைவாக, அவர்களை வாடிக்கையாளராக ஏற்கவே சில வங்கிகள் தயங்குகின்றன. மறுக்கப்பட்டவர் நாட்டின் மைய வங்கியான பாங்க் த பிரான்சிடம் முறையிட்டால், அது ஒரு வங்கியைக் குறிப்பிட்டுக் கணக்கு திறக்கச் செய்யும்.

இந்தக் கடமை அடுத்த தலைமுறைக்கும் தொடர்கிறது. போதிய காலம் அமெரிக்காவில் வசித்த குடிமக்களுக்கு லியோனில் பிறக்கும் குழந்தை பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை பெறுகிறது. 11 வயதுக்குப் பின் மொத்தம் ஐந்தாண்டுகளேனும் பிரான்சில் வசித்திருந்தால் 18 வயதில் அந்நாட்டுக் குடியுரிமையும் வந்துசேர்கிறது. முதல் சம்பளம் வாங்கும் வயதில் அந்த லியோன்காரரும் இரு நாடுகளின் வரிப் படிவங்களை நிரப்பத் தொடங்குகிறார். அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து வரித்தொடர்பைச் சிக்கலின்றி முடித்துக்கொள்ள விரும்பினாலும், முந்தைய ஐந்தாண்டுகளின் கணக்குகள் சரியாக இருப்பதாக அவர் அமெரிக்க வரித்துறைக்கு உறுதியளிக்க வேண்டும்.