வாளியா, எண்ணா?

கிடார் ஒலியைச் சுழற்றும் ஃபிளாஞ்சர் பெட்டிக்குள் ஓயாத போட்டி

தலைக்கு மேல் ஜெட் விமானம் கடப்பதுபோல கிடாரின் ஒலி ஏறி இறங்குகிறதே, அதற்குப் பெயர் ஃபிளாஞ்சிங். சூத்திரம் எளிது. ஒரே ஒலியின் இரண்டு பிரதிகள். ஒன்று சில மில்லி விநாடி பிந்தி வரும். இரண்டும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாமதம் 1 மில்லி விநாடி என்றால் 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். தாமதம் மாற மாறப் பள்ளங்கள் நகரும்.

ஆரம்பத்தில் ஸ்டூடியோக்களில் இரண்டு டேப் ரிக்கார்டர்களைச் சேர்ந்தாற்போல் ஓடவிட்டு, ஒன்றின் சக்கர விளிம்பை விரலால் அழுத்தினார்கள். 1969-ல் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தின் சாங்ஸ்டரும் டீரும் அறிவித்த சர்க்யூட், அந்த வேலையைக் கலைஞரின் காலடிக்குக் கொண்டுவர வழிசெய்தது. தீயணைக்க வரிசையில் நிற்பவர்கள் வாளியைக் கைமாற்றுவதுபோல, ஒரு கெப்பாசிட்டர் தன் மின்னூட்டத்தை அடுத்ததற்குத் தள்ளும். மட்சுஷிதாவின் எம்.என். 3007 சிப்பில் இப்படி 1,024 படிகள். கடிகாரத் துடிப்பு விநாடிக்கு 1 லட்சம் என்றால் தாமதம் 5.12 மில்லி விநாடி.

வழியில் கொஞ்சம் சிந்தும், இரைச்சலும் சேரும். அனலாக் பக்தர்கள் 'கதகதப்பு' என்று கொண்டாடுவது பெரும்பாலும் இந்தக் குறையைத்தான். ஆனால் ஃபிளாஞ்சரின் தாமதம் மிகக் குறைவு, சிந்துவதும் சொற்பமே.

நிஜ வித்தியாசம் வேறு. அனலாக்கில் மாறுவது கடிகார வேகம். அது சீராக ஏறினால் பள்ளங்களும் சீராக ஏறும். அவசரத்தில் எழுதிய டிஜிட்டல் புரோகிராமில் சீராக மாறுவது தாமதம். பள்ளங்கள் கீழே தயங்கி, மேலே பாய்ந்தோடும். போதாக்குறைக்கு, விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்தாலும் இரண்டு மாதிரிகளுக்கு இடையே சுமார் 22.7 மைக்ரோ விநாடி இடைவெளி உண்டு. இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிட்டு நிரப்பாவிட்டால் ஒலி படிப்படியாகத் தாவிக் கரகரக்கும். இரண்டுமே கணக்கில் திருத்தக்கூடிய பிழைகள்.

டிஜிட்டலின் கை ஓங்குவது இன்னோரிடத்தில். டேப்பில் பின்தங்கியது முந்திச் செல்லும். தாமதம் பூஜ்யத்தைக் கடக்கும் அந்தக் கணம்தான் உச்சம். வாளி சிப்பால் பூஜ்யத்தைத் தொட முடியாது. நேர் ஒலியையும் தாமதிக்க இரண்டாவது சிப் வேண்டும். டிஜிட்டலுக்கு இது அற்ப வேலை.

மட்சுஷிதா இந்தச் சிப்புகளை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. வேறு நிறுவனங்களின் நகல்கள் வந்துவிட்டன, கூடவே போலிகளும். ஆகவே 'அனலாக்' முத்திரைக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கடையில் வேகக் குமிழை மிக மெதுவில் வைத்து, டிஸ்டார்ஷன் போட்ட ஒரே ஸ்வரத்தை நீளவிட்டுக் கேளுங்கள். சுழற்சி கரகரப்பில்லாமல் வழுக்கிச் சென்றால், உள்ளே இருப்பது வாளியா எண்ணா என்று திறந்து பார்க்க வேண்டியதில்லை.