பீடத்தருகே நிற்கக் கற்போர்

கிருஷ்ணகிரி என்றதும் மாங்கனியும் மலைக்கோட்டையும் நம் நினைவில் எழும். 1965 முதல் 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்த அவ்வூருக்குத் திருச்சபை வரலாற்றிலும் ஓரிடம் உண்டு. அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபையினர் 1895-இல் இந்தியாவில் தம் பணியைத் தொடங்கியது அங்கேதான். தொடங்கியவர் நேதர் என்னும் ஜெர்மானியக் குருவானவர். 1904-இல் கொள்ளைநோய் அவர் உயிரைக் கவர்ந்தது.

மேய்ப்பர் மறைந்தால் மந்தையைக் காப்பவர் யார்? இம்மண்ணின் மைந்தரே குருக்களாதல் வேண்டும். இவ்வுண்மையைத் தரங்கம்பாடி லுத்தரன் சபையினர் முன்னரே உணர்ந்திருந்தனர். உபதேசியாராக உழைத்த ஆரோன் என்னும் தமிழர் 1733-இல் அங்கே குருப்பட்டம் பெற்றார். மிசூரி சபையினரும் 1924-இல் நாகர்கோவிலில் கன்கார்டியா இறையியற் கல்லூரியை நிறுவினர்.

நன்றாகப் பேசத் தெரிந்தவரெல்லாம் பீடத்தருகே நின்றுவிடலாகாதா? ஆகாது என்கிறது 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை. முறைப்படி அழைக்கப்படாத எவரும் சபையில் போதிக்கவோ அருட்சாதனங்களை வழங்கவோ கூடாது என்பது அதன் 14-ஆம் பிரிவின் கருத்து. ஆகவே மாணவர் மறைநூலை ஆழ்ந்து கற்கிறார். பிரசங்கம் செய்யவும், வழிபாட்டை ஒழுங்குடன் நடத்தவும் பழகுகிறார். ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய இரண்டையும் பயபக்தியுடன் நிறைவேற்றக் கற்றுக்கொள்கிறார்.

அருட்சாதனங்கள் ஏழு என்பது நம் விசுவாசம். திருவிருந்தில் கிறிஸ்துநாதரின் திருவுடலும் திரு இரத்தமும் மெய்யாகவே உள்ளன என்று லுத்தரன் சகோதரரும் அறிக்கையிடுகின்றனர். எனினும் குருத்துவத்தைப் பற்றி நம்மிடையே கருத்து வேற்றுமை நீடிப்பதால், ஒரே பந்தியில் அமரும் நாள் இன்னும் வரவில்லை. அவ்வேதனையை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

ஆனால் ஞானஸ்நானம் நம்மை இணைக்கிறது. முறையாக அதனைப் பெற்ற பிரிந்த சகோதரர் நம்மோடு உண்மையான, ஆயினும் நிறைவுபெறாத ஒன்றிப்பில் இருக்கின்றனர் என 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. ஆதலின் லுத்தரன் குடும்பத்துப் பெண் நம் சபையில் சேர்ந்து மருமகளாக வரும்போது, அவளுக்கு மீண்டும் ஞானஸ்நானம் அளிப்பதில்லை. 'வேற்றுச் சபைக்காரி' என்று அவளை ஒதுக்குவது நமக்குத் தகுமோ?

இன்னுமொன்று. உயிருக்கு ஆபத்து நேர்ந்து, குருவானவர் வர இயலாதபோது, எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். லுத்தரன் சபையும் அவ்வேளையில் விசுவாசிகளுக்கு இவ்வுரிமையைத் தருகிறது. திருச்சபையின் கருத்தோடு, குழந்தையின் தலையில் சாதாரணத் தண்ணீரை ஊற்றியவாறே, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பின்னர்ப் பங்குக் குருவுக்கு அறிவித்தல் அவசியம்.

பீடத்தருகே நிற்போர் ஆண்டுக்கணக்கில் கற்கின்றனர். பெற்றோரே, இவ்வொன்றையேனும் நாம் இன்றிரவு செபமாலை முடிந்ததும் பிள்ளைகளோடு அமர்ந்து கற்றுக்கொள்வோமா?