ஞாயிறு யார் தந்தது?

ஆறு நாள் ஆலைச் சங்கின் அழைப்புக்கு ஓடுகிறோம். ஏழாம் நாள் நமக்கு. அந்த ஏழாம் நாளைத் தந்தது யார், தோழர்களே?

"வெள்ளைக்காரன் மாதா கோவிலுக்குப் போனான், அவன் தயவில் நமக்கும் விடுமுறை கிடைத்தது" என்பார் சிலர். வெள்ளைக்காரன் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போன அதே நாளில்தான், பம்பாய்ப் பஞ்சாலைகள் ஞாயிறன்றும் புகை கக்கின! கதிரவன் எழுந்தால் வேலை, விழுந்தால்தான் விடுதலை. வார ஓய்வு என்ற பேச்சே கிடையாது. 1881-இல் வந்த தொழிற்சாலைச் சட்டமும் பெரும்பாலும் குழந்தைத் தொழிலாளரைப் பற்றியே பேசியது. பெரியவர்களின் முதுகு ஒடிந்தால் ஒடியட்டும் என்று விட்டுவிட்டது.

அந்த அநீதியை எதிர்த்து எழுந்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. ஆலையொன்றில் சரக்கறைக் கணக்குப் பார்த்தவர். தொழிலாளி படும் பாட்டைக் கண்ணெதிரே கண்டவர். கண்டவர் பலர், கேட்டவர் இவர்! கேட்கும் துணிவு எங்கிருந்து வந்தது?

பூனாவிலிருந்து வந்தது. அங்கே ஜோதிராவ் பூலே 1848-இல் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். பாடம் சொல்லப் போன அவர் துணைவியார் சாவித்திரிபாய் மீது சாணியும் சேறும் வீசினர் பழமை விரும்பிகள். அவர் சளைக்கவில்லை. 1855-இல் உழைப்பாளருக்கு இரவுப் பள்ளி. 1868-இல் தீண்டாதார் என்று தள்ளப்பட்டோருக்குத் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார் பூலே. 1873-இல் சத்தியசோதக் சமாஜம், அதாவது உண்மை நாடுவோர் சங்கம், கண்டார். புரோகிதர் இல்லாமலே திருமணம் நடக்கும் என்று நடத்திக் காட்டியது அந்தச் சங்கம்.

அதன் தொண்டர்தான் லோகாண்டே. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று கற்றவர், பணத்தால் மட்டும் உண்டு என்று ஒப்புவாரா?

'தீனபந்து' ஏட்டை 1880 முதல் பம்பாயிலிருந்து நடத்தினார். பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார். 1884-இல் 5,000-க்கு மேற்பட்டோரிடம் கையொப்பம் பெற்று விண்ணப்பம் தந்தார். கேட்டது என்ன? ஞாயிறு ஓய்வு, நண்பகலில் அரைமணி இடைவேளை, காலத்தில் கூலி, வேலையில் காயம்பட்டால் உதவி. அரண்மனையா கேட்டார்?

ஆறாண்டு அலைக்கழித்தனர். 1890 ஏப்ரலில் சுமார் 10,000 தொழிலாளர் திரண்டனர். அந்த மேடையில் பெண் தொழிலாளர் இருவர் பேசினர். சாவித்திரிபாய் பட்ட சேறு வீண்போகவில்லை! அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். 1891-இல் வார ஓய்வு சட்டத்திலும் ஏறியது.

அதே 1890-இல் இன்னொன்றும் நடந்தது. கணவனை இழந்த பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என்று பம்பாயின் முடிதிருத்தும் தொழிலாளர் கூடி முடிவெடுத்தனர். அவர்களைக் கூட்டியவரும் லோகாண்டேதான். கூலி உயர்வு கேட்க அல்ல, கொடுமைக்குக் கருவியாக மாட்டோம் என்று சொல்ல ஒரு கூட்டம்!

"சீர்திருத்தம் வேறு, தொழிற்சங்கம் வேறு" என்று பிரித்துப் பேசுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். பிரிக்க முடியுமானால் பூலேயின் தொண்டருக்கு ஆலை வாசலில் என்ன வேலை?

நம்மையும் நாம் கேட்டுக்கொள்வோம். சங்கத்தில் தோழன், சம்பந்தத்தில் சாதிக்காரன் என்று வாழ்வோர் நம்மிடையே இல்லையா? ஆலையில் ஒரே தறி. தெருவில் தனித்தனிக் குவளையா? அப்படிப் பிளந்து நிற்பவனை முதலாளி வெல்ல வேண்டியதில்லை. அவன் முன்பே தோற்றவன்.

1897-இல் பிளேக் நோய் பம்பாயையும் பூனாவையும் சூறையாடியது. நோயாளரிடையே தொண்டாற்றிய லோகாண்டேயும் சாவித்திரிபாயும் அதே ஆண்டில் அதே நோய்க்குப் பலியாயினர். அவர்கள் ஓய்வு கொள்ளவில்லை. நமக்கு ஓய்வு வாங்கித் தந்தனர்.

வார ஓய்வு இன்றும் எட்டாத கடைச் சிப்பந்திகள், வீட்டு வேலைக்காரப் பெண்கள், வீடு வீடாக உணவு சுமந்து ஓடும் இளைஞர்கள் எத்தனை பேர்! நம் ஞாயிற்றில் ஒரு மணி நேரத்தை அவர்களுக்காகச் செலவிடுவோம். பெற்ற ஞாயிற்றுக்குப் பட்ட கடன் அதுவே!