பிளவை முதலில் பாருங்கள்

முதலில் ஓர் இடத்துக்குப் போய் வருவோம். பொத்தேரி நிலையத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினால், காட்டாங்குளத்தூர், மறைமலை நகர் தாண்டி மூன்றாவது நிறுத்தம் சிங்கப்பெருமாள் கோயில். அங்கே பாடலாத்ரி நரசிம்மரை வலம் வர வேண்டுமென்றால் கருவறையை மட்டும் சுற்ற முடியாது. குன்றையே சுற்றி வரவேண்டும்.

காரணம் எளிது. பெருமாளின் முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லை, மலைதான் இருக்கிறது. பாறையைக் குடைந்து உண்டாக்கிய கோயில் இது. இதைத்தான் குடைவரை என்கிறோம்.

கட்டுவதும் குடைவதும் ஒன்றல்ல. கட்டுவது கோலம் போடுவது மாதிரி, ஓர் இழை தப்பினால் அழித்துவிட்டுப் போடலாம். குடைவது நுங்கு சீவுவது மாதிரி. சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பாறையைத் தூக்கி வேறிடத்தில் வைக்கவும் முடியாது. ஆகவே சிற்பிதான் இடத்துக்கு இணங்கிப் போகவேண்டும். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். அந்தப் பெருமிதம் நியாயமானதுதான்.

இதே வேலையின் உச்சத்தைப் பார்க்க மாமல்லபுரத்துக்குப் போகவேண்டும். ஏறக்குறைய 30 மீட்டர் அகலம், 13 மீட்டர் உயரத்தில் அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் புடைப்புச் சிற்பம் நிற்கிறது. புடைப்பு என்றால், பாறையிலிருந்து முழுதாகப் பிரியாமல், அப்பத்தின் நடுப்பகுதிபோல் மேலெழுந்து நிற்பது.

இங்கேதான் நம்மில் பலரும் தவறிவிடுகிறோம். ஒற்றைக்காலில் நிற்கும் தவசியையும் யானைகளையும் படம் எடுத்துக்கொள்கிறோம். நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் பிளவைக் கல்லின் பழுது என்று நினைத்து விட்டுவிடுகிறோம். சிலர் அதையும் உளியால் வெட்டியது என்பார்கள். இரண்டும் இல்லை. அது பாறையில் இயற்கையாகவே இருந்த பிளவு.

சிலைக்குக் கல் எடுப்பவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். மணிபோல் ஒலித்தால் நல்ல கல், ஒலி மங்கினால் உள்ளே விரிசல். அந்தக் கணக்கில் இது தள்ளிவிட வேண்டிய பாறை. பல்லவச் சிற்பியோ விரிசலில் ஆற்றைக் கண்டார். நீரில் வாழும் நாகனையும் நாகினியையும் கைகூப்பிய நிலையில் அதற்குள் வைத்தார். தேவர், கணங்கள், வேடர், மான், யானை என்று இருபுறமும் உள்ள உருவங்களில் பெரும்பாலானவை அதை நோக்கியே வருகின்றன. பாறையின் உச்சியில் தண்ணீர் தேக்கிய தொட்டியின் தடயம் இருக்கிறது. அங்கிருந்து பிளவு வழியே நீரை விழவிட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

தவம் செய்பவன் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. என் மனம் பகீரதன் பக்கம். யாராக இருந்தாலும், பிளவை மனதுக்குள் மூடிப் பாருங்கள். அந்த யானைகள் எங்கே போகின்றன என்பதற்கு விடை இருக்காது.

அடுத்த முறை போகும்போது, பெயர்ப்பலகையைப் படிக்குமுன் ஐந்து நிமிடம் பிளவுக்கு நேர் எதிரே நில்லுங்கள். கூட இருக்கும் பிள்ளைகளிடம், யார் யார் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள்.