பொது இடங்களில் வளர்ப்பு நாய்கள்

வளர்ப்பு நாயைத் தெரு, பூங்கா, ஆற்றங்கரை, விளையாட்டுத் திடல் போன்ற பொது இடங்களுக்கு அழைத்துச் செல்லும்போது உரிமையாளர் பின்பற்ற வேண்டிய கடமைகள் சில உள்ளன. அவற்றுள் முதன்மையானது, கழுத்துப்பட்டையில் வார் அல்லது சங்கிலி பூட்டி, நாயைக் கைப்பிடியில் வைத்திருப்பதாகும்.

சென்னைப் பூங்கா நிகழ்வு

2024 மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், அதன் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அவை கட்டப்படாமல் இருந்தன. தலையில் பலத்த காயமடைந்த சிறுமிக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். இதன் பின்னர் நாய்களுக்கான உரிமம், வார், வாய்மூடி ஆகியவற்றைச் சென்னை மாநகராட்சி வலியுறுத்தியது. 2025இல் மைக்ரோசிப் பொருத்துவதும் கட்டாயமாக்கப்பட்டது.

வார் ஏன் தேவை?

"எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று உரிமையாளர் சொல்வது பெரும்பாலும் உண்மையான நம்பிக்கையே. ஆனால், வீட்டாரிடம் சாதுவாக இருக்கும் நாய், முன்பின் அறியாதவரிடமும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது. ஓடும் குழந்தையும் விரைந்து செல்லும் மிதிவண்டியும் நாயின் துரத்தும் இயல்பைத் தூண்டும். சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களிடம் இவ்வியல்பு மிகுதி. நாய் கடிக்காவிட்டாலும், அதற்கு அஞ்சி இருசக்கர வாகனத்திலிருந்து விழுபவருக்கு அடிபடும். எதிரே வருபவருக்கு அந்த நாயின் குணம் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் அது பிடியில் இருக்கிறதா இல்லையா என்பதே. தெருநாய்களின் சண்டையிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் வளர்ப்பு நாயைக் காப்பதும் வாரே.

சட்டம்

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி, தன் பொறுப்பிலுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். இது சென்னைக்கும் பண்ருட்டிக்கும் ஒன்றே. அதே வேளையில், குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதற்கே தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

- நாயை அடக்கிப் பிடிக்கும் வலுவுள்ளவரே அதை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். சிறுவரிடம் பெரிய நாயை ஒப்படைக்கக் கூடாது.
- குறுகிய தெருவில் எதிரே ஆள் வந்தால் வாரைச் சுருக்கிப் பிடித்து ஒதுங்கி நிற்க வேண்டும்.
- கேட்காமல் பிறரை நெருங்க நாயை விடக் கூடாது. பிறரும் உரிமையாளரைக் கேட்காமல் நாயைத் தொடக் கூடாது.
- நாயின் கழிவை உடனே அகற்ற வேண்டும்.
- வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும்.

நாய்க்கு ஓட்டமும் தேவை. நாய்களுக்கெனத் தனிப் பூங்கா இல்லாத பண்ருட்டி போன்ற ஊர்களில், வேலியிட்ட சொந்த முந்திரித் தோப்போ பலாத் தோப்போ அதற்கு ஏற்ற இடம். வேலை செய்பவர்கள் உள்ளே இல்லை என்பதையும், வாயில் மூடியிருப்பதையும் உறுதி செய்த பிறகே வாரை அவிழ்க்க வேண்டும்.

கடித்துவிட்டால்

காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது மிக அரிது. எனவே, கடித்தது வீட்டு நாய்தானே என்று காலம் தாழ்த்தக் கூடாது. நாய்க்குப் போட்ட தடுப்பூசியின் விவரத்தைக் கடிபட்டவரிடம் தாமதமின்றித் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை.