மலையைத் தாண்டினால் கடல்!

வாடகைக் காரில் செங்கோட்டை வழியாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஆலங்குளம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களில் இருந்து மேற்கே பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மதில் போல நிற்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அதற்கும் அப்பால் அரபிக் கடல்.

இந்த ஊர்க்காரர்கள் பலர் அந்தப் பக்கம் போய் வருகிறார்கள். சிலர் வியாபாரத்துக்குப் போகிறார்கள். சிலர் ஐயப்பன் கோவிலுக்குப் போகிறார்கள். திருவனந்தபுரத்தில் உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்கும், ஸ்ரீசித்திரை திருநாள் இருதய மருத்துவமனைக்கும் நோயாளிகளை அழைத்துப் போகிறவர்களும் உண்டு.

நோயாளியோடும் குழந்தைகளோடும் பஸ்சிலும் ரயிலிலும் மாறி மாறி ஏறுவது கஷ்டம். அதனால் வாடகைக் கார் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடிக்கும்போது சில விஷயங்களைத் தெரிந்து கொள்வது நல்லது.

நேர் வழி இல்லை

"மலை பக்கத்தில்தானே இருக்கிறது? நேராக ஏறி இறங்க முடியாதா?" என்று கேட்கலாம். முடியாது. ராஜபாளையத்துக்கு நேர் மேற்கே காரில் மலையைக் கடக்கப் பாதை கிடையாது. அங்கே இருப்பது அடர்ந்த காடு. இந்தப் பக்கம் உள்ள காடு, 2021-ம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பக்கம் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம்.

ஆகவே, மலை ஓரமாகவே தெற்கு நோக்கிப் போக வேண்டும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, அப்புறம் செங்கோட்டை. அங்கே மலை தாழ்ந்து வழி விடுகிறது. இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள இத்தகைய இடைவெளிக்குக் கணவாய் என்று பெயர். இது ஆரியங்காவுக் கணவாய். திருமங்கலத்தில் இருந்து கொல்லம் வரை போகும் 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்தக் கணவாய் வழியாகத்தான் போகிறது.

எல்லை மாறியது

செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டன. அன்று செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லைக்கோடுதான் ஊருக்கு மேற்கே போயிற்று.

இப்போது புளியரை தாண்டி, கோட்டைவாசல் அருகே எல்லை வருகிறது. இரு மாநிலச் சோதனைச் சாவடிகளும் இந்தப் பாதையில் உண்டு. அங்கே காரின் காகிதங்களைக் கேட்பார்கள்.

மஞ்சள் பலகையா, வெள்ளைப் பலகையா?

காரில் ஏறும் முன்பு நம்பர் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகைக் கார். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோகத்துக்கான கார். மின்சாரக் காருக்குப் பச்சைப் பலகை. அதில் மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகைக் கார். வெள்ளை எழுத்து இருந்தால் சொந்தக் கார்.

"தெரிந்தவர் கார். கொஞ்சம் குறைவாகக் கேட்கிறார்" என்று சிலர் வெள்ளைப் பலகைக் காரில் போகிறார்கள். அது சட்டப்படி தவறு. சாவடியில் பிடித்தால் அபராதம் விழும். காரையும் நிறுத்தி வைப்பார்கள். நோயாளியோடு நடு வழியில் நிற்க நேரிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சொந்தக் காருக்கு எடுக்கும் இன்சூரன்சில், காரை வாடகைக்கு ஓட்டக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்சு கம்பெனி இதைச் சொல்லிப் பணம் தர மறுக்கலாம். அடிபட்ட குடும்பம் நஷ்டஈட்டுக்காகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டி வரும். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், அப்போது எந்த மூலைக்கு?

மஞ்சள் பலகை மட்டும் போதாது. வெளி மாநிலம் போக அனுமதியும் வேண்டும். அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், தற்காலிக பெர்மிட் எடுத்து, கேரளத்துக்கு வரி கட்ட வேண்டும். புறப்படும் முன்பே இதை முடித்து விடச் சொல்லுங்கள்.

வாடகை பேசும்போது

கிலோ மீட்டருக்கு எவ்வளவு? டிரைவர் பேட்டா எவ்வளவு? வரியும் டோல் கட்டணமும் யார் கொடுப்பது? எல்லாவற்றையும் முதலிலேயே பேசி விடுங்கள். போகும்போது மட்டும் கார் எடுத்தாலும், கார் காலியாகத் திரும்பி வரும் தூரத்துக்கும் வாடகை கேட்பது வழக்கம். மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்துக்கும் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

பகலில் கடப்பதே நல்லது

புளியரையைத் தாண்டியதும் "எஸ்" வளைவு வருகிறது. கல்லும் மணலும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இங்கே ஊர்ந்து ஏறும். அவசரப்பட்டு முந்தக்கூடாது. மலைப் பாதையில், ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது விதி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், சிறிய கியரில் இறங்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மண் சரியலாம். மரமும் விழலாம். இரவில் இது டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலையில் ஊரில் இருந்து புறப்பட்டால், நல்ல வெளிச்சத்தில் மலையைக் கடந்து விடலாம். இரவெல்லாம் வண்டி ஓட்டிய டிரைவரை அழைத்துப் போகாதீர்கள்.

வழியில் பார்க்கலாம்

ஆரியங்காவில் ஐயப்பன் கோவில் இருக்கிறது. அதைத் தாண்டி கழுதுருட்டி அருகே 13 வளைவுகள் கொண்ட ரயில் பாலத்தைப் பார்க்கலாம். கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை 1904-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அது அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2018-ம் ஆண்டில் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது.

தென்மலையில் பாதை இரண்டாகப் பிரிகிறது. திருவனந்தபுரம் போகிறவர்கள் குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாகப் போகலாம். கொல்லம் போகிறவர்கள் புனலூர் வழியாகப் போக வேண்டும். புனலூரில் கல்லடை ஆற்றின் மேல் 1877-ம் ஆண்டில் கட்டி முடித்த தொங்கு பாலம் இருக்கிறது. அதன் மேல் இப்போது வண்டிகள் போவதில்லை. நடந்து பார்க்கலாம்.

அதன்பின் கொட்டாரக்கரை, குண்டறை. அடுத்தது கொல்லம். அங்கே கடல்! தங்கச்சேரியில் 1902-ம் ஆண்டில் கட்டிய கலங்கரை விளக்கம் உயர்ந்து நிற்கிறது. கொல்லம் கடற்கரையில் அலை வேகம் அதிகம். குழந்தைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

வழியில் ஆபத்து என்றால் 112-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்சுக்கு 108. இரண்டு மாநிலங்களிலும் இதே எண்கள்தான். வீட்டில் இருப்பவர்களிடம் காரின் நம்பரையும் டிரைவரின் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.