வட்டத்தின் செல்வமும் வகுப்பறையின் வாழ்வும்

பாடசாலை ஒன்றின் விழாக் காலத்தில் அதன் பழைய மாணவர் நினைவுகூர்வன பலவாம். ஆசிரியப் பெருமக்களின் அன்பு, விளையாட்டுத் திடல், விடுதி வாழ்வு, பரிசளிப்பு வைபவம் என அவை விரிந்து செல்லும். ஆயின், அப்பாடசாலையை நடத்தியவர் யார், அதற்குரிய பணம் எங்கிருந்து வந்தது, அப்பணம் போதாதிருந்த காலத்தில் நேர்ந்தது யாது என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. விருந்துண்டவன் அடுப்பெரித்த விறகைப் பற்றி எண்ணாதவாறு போல்வது இது.

இவ்வினாக்களை ஆராய்தற்குப் பிறநாட்டு உதாரணம் ஒன்று பெரிதும் துணை செய்யும். எம்மவர் பலர் இன்று கடல்கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். அவருள் அமெரிக்காவில் மக்களைப் படிப்பிப்போர் 'கல்வி வட்டம்' என்னும் சொல்லை நாள்தோறும் கேட்பர். வீடு வாங்கப் புகும்போதும் முதலில் உசாவப்படுவது அவ்வீடு எந்த வட்டத்தைச் சேர்ந்தது என்பதே. அவ்வட்டம் ஆளப்படும் முறையையும், அது பொருள் பெறும் வழியையும், அதன் பெறுபேற்றையும், ரெக்சாஸ் மாநிலத்துச் சன் அந்தோனியோ நகரின் மேற்குப் பகுதியிலுள்ள எட்ஜ்வுட் என்னும் வட்டத்தைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஆட்சி முறை

இலங்கையிலே கல்வி வலயம் என்பது மேலிருந்து வகுக்கப்பட்ட நிருவாகப் பிரிவாகும். அதற்கு வரி விதிக்கும் உரிமை இல்லை. அதன் பணிப்பாளரை ஊரவர் வாக்களித்துத் தெரிவு செய்வதும் இல்லை. அமெரிக்கக் கல்வி வட்டமோ வேறு இயல்பினது. அது தானே ஒரு சிறு அரசாங்கம் எனலாம். அந்நாட்டில் அத்தகைய வட்டங்கள் ஏறக்குறைய 13,000 உள்ளன. ரெக்சாசில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அம்மாநிலத்தார் அவற்றைச் 'சுதந்திரக் கல்வி வட்டங்கள்' என வழங்குவர். நகரசபையின் ஆட்சிக்கு உட்படாது தனித்து நிற்றலின் அப்பெயர் வந்தது. ஒரே நகரினுள் பல வட்டங்கள் அடுத்தடுத்து அமைதலும் உண்டு. சன் அந்தோனியோ அத்தகைய நகரமாகும்.

எட்ஜ்வுட் வட்டத்தை ஆள்வது எழுவர் கொண்ட ஒரு சபை. அவ்வெழுவரும் வட்டத்து வாக்காளரால் தெரிவு செய்யப்படுவர். தம் பணிக்கு ஊதியம் பெறார். கல்வி அத்தியட்சரை நியமித்தல், ஆண்டுக்குரிய வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றல், மாநிலச் சட்டம் வகுத்த எல்லைக்குள் ஆதனவரியின் வீதத்தை நிர்ணயித்தல் என்பன அவர்தம் தலையாய கடமைகள். புதிய கட்டடங்களுக்குக் கடன் பெற வேண்டுமாயின் வாக்காளரின் சம்மதத்தைத் தேர்தல் மூலம் பெறுதல் வேண்டும். கற்பிக்க வேண்டியவை எவை, மாணவரை எவ்வாறு சோதித்தல், ஆசிரியர்க்குரிய தகைமை யாது என்பவற்றை மாநிலமே விதிக்கும். ஊரவரின் பள்ளியை ஊரவரே ஆளுதல் இம்முறையின் சிறப்பென அமெரிக்கர் பெரிதும் போற்றுவர். அதன் நயத்தை நாமும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆளும் உரிமையோடு பொருள் தேடும் பொறுப்பும் ஊரவர் தலையிலேயே விழுகின்றது. தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது.

பொருள் வரும் வழி

கல்வி வட்டத்தின் வருவாய் மூன்று ஊற்றுக்களிலிருந்து வருவது. வட்டத்திலுள்ள வீடு, நிலம், வணிக நிலையம் என்பவற்றின் மீது விதிக்கப்படும் ஆதனவரி ஒன்று. மாநில அரசின் உதவி மற்றொன்று. ஐக்கிய அமெரிக்க அரசின் மானியம் மூன்றாவது. மாநில அரசு எல்லா வட்டங்களுக்கும் அடிப்படைச் செலவை ஈடுசெய்யும் திட்டமொன்றை ரெக்சாஸ் 1949 ஆம் ஆண்டிலே வகுத்தது. வட்டங்கள் அத்திட்டத்துக்குத் தமது பங்கைச் செலுத்தியபின், எஞ்சிய உள்ளூர் வரியைத் தத்தம் பள்ளிகளை மேம்படுத்தப் பயன்படுத்தலாயின.

1967-68 ஆம் கல்வியாண்டின் கணக்கு நீதிமன்றப் பதிவேடுகளில் உள்ளது. எட்ஜ்வுட்டில் 25 பாடசாலைகளும் ஏறக்குறைய 22,000 மாணவரும் இருந்தனர். அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மர் மெக்சிக்க வம்சத்தினர். அதே நகரின் செல்வர் வாழும் அலமோ ஹைற்ஸ் வட்டத்தில் 6 பாடசாலைகளும் ஏறக்குறைய 5,000 மாணவரும் இருந்தனர். எட்ஜ்வுட்டின் ஆதன மதிப்பை மாணவர் தொகையால் வகுத்தால் ஒருவருக்கு 5,960 டொலர். அலமோ ஹைற்ஸிலோ 49,000 டொலருக்கு மேல். எட்ஜ்வுட்டில் குடியிருந்தோர் பெரும்பாலும் தொழிலாளர். வட்டத்தை அடுத்திருந்த பெரிய விமானப்படைத் தளமோ அரசாங்க ஆதனம் ஆகலின் வரிக்கு உட்படாதது.

இங்கே ஓர் எளிய கணக்கைச் செய்து பார்ப்போம். இரு வட்டத்தாரும் நூறு டொலர் ஆதனத்துக்கு ஒரு டொலர் வீதம் வரி செலுத்துவதாகக் கொள்வோம். எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 60 டொலர் கிடைக்கும். அலமோ ஹைற்ஸில் 490 டொலர் கிடைக்கும். முயற்சி ஒன்றே, பயன் எட்டு மடங்கு வேறுபடுகின்றது. உண்மையில் எட்ஜ்வுட் மக்கள் நூற்றுக்கு 1.05 டொலர் வீதம் வரி செலுத்தினர். நகரப் பகுதியில் அதுவே மிக உயர்ந்த வீதம். அலமோ ஹைற்ஸ் மக்கள் செலுத்தியது 85 சதமே. மாநிலத் திட்டத்துக்குரிய பங்கு போக எட்ஜ்வுட்டுக்கு எஞ்சியது பிள்ளை ஒன்றுக்கு 26 டொலர். அலமோ ஹைற்ஸுக்கு 333 டொலர். மாநில உதவியும் மத்திய மானியமும் சேர்ந்த பின்னரும் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356 டொலரும் அலமோ ஹைற்ஸ் பிள்ளைக்கு 594 டொலருமே ஆயின. வறியவர் கூடுதலாகக் கொடுத்தும் குறைவாகவே பெற்றனர்.

வகுப்பறையில் இதன் விளைவு வெளிப்பட்டது. 1968-69 இல் எட்ஜ்வுட் ஆசிரியருள் நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேர் முழுத் தகைமை இன்றித் தற்காலிக அனுமதியில் கற்பித்தவர். அலமோ ஹைற்ஸில் அத்தகையோர் நூற்றுக்கு 11 பேர். நல்ல ஆசிரியர் நல்ல சம்பளமுள்ள இடத்தை நாடிச் செல்வது எந்நாட்டிலும் இயல்பே.

வழக்கும் தீர்ப்பும்

1968 ஆம் ஆண்டு மே மாதம் எட்ஜ்வுட் உயர்பள்ளி மாணவர் ஏறக்குறைய 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறித் தம் குறைகளை முறையிட்டனர். பெற்றோரும் ஒன்றுகூடினர். வட்டத்து அதிகாரிகள் பணத்தை வீணாக்குகின்றனர் என்பதே அவர்தம் முதல் எண்ணம். அவர் நாடிச் சென்ற ஆதர் கொச்மன் என்னும் சட்டத்தரணி கணக்குகளை ஆராய்ந்து, குற்றம் அதிகாரிகளிடத்தன்று, பணம் வரும் முறையிடத்தே உள்ளது என எடுத்துக் காட்டினார். எமது கட்டுரையின் கருவும் இதுவே. நாம் பாடசாலையின் குறையைக் கண்டவுடன் அதிபரையும் ஆசிரியரையும் நோகின்றோம். அவர்க்குக் கொடுக்கப்பட்டது யாது என நோக்குவதில்லை.

தளத்தில் உலோகத் தகட்டுத் தொழிலாளராயிருந்த டெமெற்றியோ றொட்றிகஸ் என்பவரை முதல்வராகக் கொண்டு பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1971 இல் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1973 மார்ச் 21 ஆம் நாள் அமெரிக்க அதியுயர் நீதிமன்று ஐவருக்கு நால்வர் என்ற அளவில் அத்தீர்ப்பை மாற்றியது. கல்வி அமெரிக்க அரசியலமைப்பு உறுதி செய்த அடிப்படை உரிமையன்று என்பதும், ஊரவர் ஆட்சியைப் பேணுதல் நியாயமான நோக்கம் என்பதும் பெரும்பான்மையோர் முடிபு. அதனை எழுதிய நீதியரசர் பவல் முன்னர் றிச்மண்ட் நகரக் கல்விச் சபையின் தலைவராயிருந்தவர். மாறுபட்டு எழுதியவருள் ஒருவர் நீதியரசர் மார்ஷல். 1954 இல் இன வேறுபாட்டுப் பள்ளிகளுக்கு எதிரான தீர்ப்பைப் பெற வாதாடியவர் அவரே.

எட்ஜ்வுட் ஓயவில்லை. 1984 இல் மாநில நீதிமன்றிலே புதிய வழக்கைத் தொடுத்தது. ரெக்சாசின் அரசியலமைப்பு திறமையான இலவசப் பள்ளி முறையை அமைக்குமாறு மாநிலத்தைப் பணிப்பது அதற்கு ஆதாரமாயிற்று. மாநிலத்தின் மிக வறிய 100 வட்டங்கள் சராசரியாக நூறு டொலருக்கு 74.5 சதம் வரி விதித்துப் பிள்ளைக்கு 2,978 டொலர் செலவிட, மிகச் செல்வமுள்ள 100 வட்டங்கள் 47 சதம் மட்டும் விதித்து 7,233 டொலர் செலவிட்டமை அங்கே தெளிவாயிற்று. 1989 இல் மாநில உயர்மன்றின் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாக அம்முறையைத் தள்ளினர். சட்டசபை இயற்றிய இரு திட்டங்களும் மன்றில் நில்லாது போக, 1993 ஆம் ஆண்டுச் சட்டம் நிலைத்தது. செல்வ வட்டங்களின் மிகையான வருவாயின் ஒரு பகுதி ஏனையோர்க்குப் பகிரப்படல் அதன் சாரம். வழங்குவோர் வரிசையில் அலமோ ஹைற்ஸும் இடம்பெறலாயிற்று.

பெறுபேறு

பணம் வந்தமையால் யாவும் சீரடைந்தனவோ எனின், அவ்வாறு கூறுதற்கில்லை. ரெக்சாசில் மாநில உதவி மாணவரின் நாளாந்த வரவைக் கொண்டே கணிக்கப்படும். எட்ஜ்வுட்டின் மாணவர் தொகையோ முன்னிருந்ததிற் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பிள்ளை குறைந்தால் உதவி குறையும். கூரையும் விளக்கும் காவலும் குறையா. ஆட்சிக் குறையும் நேர்ந்தது. சபையினரிடை ஒற்றுமை குலைந்தமையால் 2016 இல் மாநிலக் கல்வி ஆணையாளர் வேறொரு குழுவினரை நியமிக்க வேண்டியதாயிற்று. பின்னரே தெரிவு செய்யப்பட்டோர் கைக்கு ஆட்சி மீண்டது. ஆகவே பொருளும் வேண்டும், பொறுப்பும் வேண்டும்.

எனினும் பொருளாற் பயனில்லை என்பாரின் கூற்றும் நிலைபெறாது. 2016 இல் அமெரிக்கப் பொருளியலாளர் மூவர் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய தீர்ப்புக்களால் பள்ளிச் செலவு உயர்ந்த வட்டங்களின் பிள்ளைகளை அவர் முதிர்ந்த பருவம் வரை தொடர்ந்து நோக்கியது. பன்னிரண்டு ஆண்டும் பத்து வீதம் கூடிய செலவு பெற்றோர், பிற்காலத்தில் ஏறக்குறைய ஏழு வீதம் கூடிய ஊதியம் பெற்றனர். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயன் இன்னும் மிகுதி. ஒரு பள்ளியின் பெறுபேற்றை அவ்வாண்டுப் பரீட்சைப் பட்டியல் முற்றாகக் காட்டிவிடாது என்பது இதனாற் புலப்படும்.

எம் நாட்டுக்கு உரியது

எமது நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி நிலவுகின்றது. 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் பொறுப்பாயின. ஆசிரியர் சம்பளம் ஊரின் நிலவரியிலன்றிப் பொதுத் திறைசேரியினின்றும் வருகின்றது. எட்ஜ்வுட் பெற்றோர் பல்லாண்டு வழக்காடி வேண்டியதில் ஒரு பகுதி எமக்கு வழக்கின்றியே வாய்த்தது எனலாம்.

ஆயினும் வாயிலை அடைத்தால் சாளரத்தால் நுழையும் காற்றுப் போல, வேற்றுமை வேறொரு வழியால் உட்புகுகின்றது. அவ்வழி யாதெனின், பழைய மாணவராகிய நாமே. மண்டபமும் ஆய்வுகூடமும் கணினி அறையும் எமது அன்பினால் எழுகின்றன. கல்லூரித் தாய்க்குச் செய்யும் இக்கடன் போற்றற்குரியதே. ஆனால் சில கல் தொலைவில் உள்ள சிறு பாடசாலைக்கு வெளிநாட்டில் உழைக்கும் பழைய மாணவர் இல்லை. விழா மலரும் இல்லை. அங்கு கற்கும் பிள்ளையின் பெற்றோரும் எட்ஜ்வுட் மக்களைப் போலத் தம் சக்திக்கு மேற்பட்டே கொடுக்கின்றனர், திரள்வதோ சிறுதொகை.

ஆதலின் விழா நிதி திரட்டும் அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். திரளும் தொகையில் ஒரு பங்கை, எமது ஆறாம் வகுப்புக்கு மாணவரை அனுப்பும் அயற்பள்ளிகளுக்கென ஒதுக்குவோமாக. அது தானமன்று, நாளை எமது வகுப்பறையில் அமரப்போகும் பிள்ளைகளுக்கு இன்றே செய்யும் கடமையாகும். எந்த மதிலுக்கு உட்புறத்தே ஒரு பிள்ளை பிறந்தது என்பது அதன் கல்வியை வரையறுத்தல் ஆகாது என்பதே எமது துணிபு.